ஒரு திமிங்கிலம், ஒரு முகம்: வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தை வரையப் பழகுவோருக்கு

திமிங்கிலம் வரையச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் ஒரே படத்தைத்தான் வரைவோம். நீல உடல், தொண்டையில் நீளநீளமாய் வரிகள், முதுகில் ஒரு சிறு துடுப்பு, தலைக்கு மேல் நேராக எழும்பும் ஒற்றை நீர்த்தாரை. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்திடம் இந்த நான்குமே கிடையாது. உடல் கறுப்பு. தொண்டையில் வரியே இல்லை. முதுகுத் துடுப்பும் இல்லை. மூச்சு விட்டால் இரண்டாகப் பிரிந்து ‘வி’ வடிவில் எழும்பும். அதனால் இதுவரை பழகிய படத்தை மறந்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

இந்த இனத்தில் இன்று உயிரோடு இருப்பவை ஏறத்தாழ 380. அவற்றில் குட்டி ஈனும் நிலையில் உள்ள பெண்கள் சுமார் 70 மட்டுமே. இவ்வளவு குறைவு என்பதாலும், பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து படம் பிடித்து வருவதாலும், ஆய்வாளர்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்தனியாகத் தெரியும். எப்போது பிறந்தது, தாய் யார், எந்த ஆண்டு மீன்பிடிக் கயிற்றில் மாட்டியது என்பதுவரை பதிவு இருக்கிறது. படம் வரைபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்? ஆகவே பொதுவாக ‘ஒரு திமிங்கிலம்’ என்று வரையாமல், எண்ணும் பெயரும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் உருவப்படத்தை வரையுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான். கடைசியில் அதை லினோ அச்சாக, அதாவது லினோலியம் பலகையைச் செதுக்கி மை பூசித் தாளில் பதிக்கும் அச்சாக, எடுப்பது எப்படி என்றும் சொல்கிறேன். பென்சிலோடு நிறுத்திக்கொள்ள விரும்பினால் அதுவும் சரிதான்.

முதல் படி: யாரை வரையப் போகிறீர்கள்?

பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் இந்த இனத்துக்கென்று ஒரு புகைப்படப் பட்டியலைப் பராமரிக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் ஓர் எண் உண்டு, பலவற்றுக்குப் பெயரும் உண்டு. பெயர்கள் பெரும்பாலும் உடலில் உள்ள அடையாளத்தை வைத்து வந்தவை. 1281 என்ற எண் கொண்ட பெண் திமிங்கிலத்தின் பெயர் பங்க்சுவேஷன், அதாவது நிறுத்தற்குறி. அதன் தலையில் இருந்த சிறு தழும்புகள் கோடும் காற்புள்ளியுமாகத் தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்தார்கள். எட்டுக் குட்டிகள் ஈன்ற அந்தத் திமிங்கிலம் 2019 ஜூனில் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் இறந்து மிதந்தது. ஸ்டம்பி என்ற இன்னொன்றுக்கு வால் மடலின் நுனி இல்லை. 2004-இல் கப்பல் மோதி அது இறந்தது.

தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அந்தத் திமிங்கிலத்துக்குப் பல கோணங்களில் படங்கள் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தது, இடப்பக்கம், வலப்பக்கம் மூன்றுமாவது தேவை. இரண்டு, சட்டென்று கண்ணில் படும் ஏதாவது ஓர் அடையாளம் இருக்க வேண்டும். முதல் முயற்சிக்கு அடையாளம் குறைந்த திமிங்கிலத்தை எடுத்தால் சீக்கிரம் சலித்துவிடும்.

வாஷிங்டன் பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு வாய்ப்பும் இருக்கிறது. ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கடல் கூடத்தில் சுமார் 14 மீட்டர் நீள ரைட் திமிங்கில உருவம் ஒன்று தொங்குகிறது. அது 1987-இல் பிறந்த பீனிக்ஸ் என்ற நிஜத் திமிங்கிலத்தை அப்படியே பார்த்துச் செய்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து வரையலாம், அசையாது.

இரண்டாவது: படங்களைச் சேர்ப்பதும் உரிமையும்

புகைப்படத்தைப் பார்த்துப் படிப்பது வேறு, நகலெடுப்பது வேறு. ஒரே புகைப்படத்தை ட்ரேஸ் எடுத்து வண்ணம் தீட்டி விற்றால், அந்தப் படத்தை எடுத்தவரின் உரிமையில் கை வைத்ததாகும். அமெரிக்க அரசின் கடல்வள அமைப்பான நோவா வெளியிடும் படங்களில் பல பொதுவில் பயன்படுத்தக் கூடியவை. ஆனால் எல்லாமே அல்ல. கூட்டு அமைப்புகள் அனுமதி பெற்று எடுத்த படங்களும் அவற்றோடு கலந்திருக்கும். படத்தின் கீழே உள்ள வரியைப் படித்துவிட்டுச் சேமியுங்கள்.

ஒரே திமிங்கிலத்தின் நான்கைந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றிலிருந்து உங்கள் கோணத்தை நீங்களே உருவாக்குவதுதான் சரியான முறை. உரிமைச் சிக்கலும் இருக்காது, உருவமும் நன்றாக மனதில் பதியும்.

நேரில் பார்த்துப் புகைப்படம் எடுக்கலாமே என்று தோன்றினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கடலில் இந்தத் திமிங்கிலத்துக்கு 500 கஜத்துக்குள், அதாவது 457 மீட்டருக்குள், அனுமதியில்லாமல் நெருங்கக் கூடாது. படகுக்கு மட்டுமல்ல, ட்ரோனுக்கும் அதே விதிதான்.

மூன்றாவது: உடலைப் பழகுதல்

தலையை வரையப் போகிறோம் என்றாலும் முழு உடலையும் சில முறை பென்சிலில் வேகமாக வரைந்து பார்த்துவிடுங்கள். விவரம் வேண்டாம், வடிவம் வந்தால் போதும்.

வளர்ந்த திமிங்கிலம் 13 முதல் 16 மீட்டர் வரை நீளம். எடை 60 டன்னைத் தாண்டும். மற்றப் பெரிய திமிங்கிலங்களைப் போல ஒல்லியாக நீண்டிருக்காது, உருண்டு திரண்ட உடல். தலை மட்டுமே மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கு. சில நேரம் அதற்கும் மேலே போகும். முதலில் உடலுக்கு ஒரு தடித்த நீள்வட்டம், பிறகு தலைக்கு நாலில் ஒரு பங்கு, பின்னால் திடீரென்று ஒடுங்கும் வால் அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத் துடுப்புகள் அகலமாக, சதுரத்துக்கு நெருக்கமாக இருக்கும். வால் மடல் அகலமானது, விளிம்பு வழவழப்பு, நடுவில் ஆழமான பிளவு.

வாய்க்கோடுதான் பலரும் தவறவிடும் இடம். அது நேராகப் போகாது. மூக்கு நுனியிலிருந்து புறப்பட்டு வில்லாக மேலே வளைந்து, பிறகு கீழே கண்ணருகில் வந்து முடியும். மேல் தாடை குறுகலானது. கீழ் உதடு இருபக்கமும் சுவர் போல எழும்பி அதை மூடிக்கொள்ளும். கண் நீங்கள் நினைப்பதைவிட மிகவும் கீழே, வாய் முடியும் மூலைக்குச் சற்று மேலே இருக்கும். கண்ணை இரண்டு விரல் அளவு மேலே வைத்தாலே கார்ட்டூன் மீனாகிவிடும்.

வாய் திறந்த நிலையில் வரைய ஆசைப்பட்டால், மேல் தாடையிலிருந்து தொங்கும் பலீன் தகடுகள் தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 200-க்கு மேல், நீளமானவை இரண்டரை மீட்டர் வரை. நீர்ப்பரப்பை ஒட்டி வாயைத் திறந்தபடியே மெல்ல நீந்தி, அரிசி மணி அளவே உள்ள கோபிபாட் என்ற மிதவை உயிரிகளை இந்தத் தகடுகளால் வடிகட்டித்தான் அது உண்ணும். கேப் காட் விரிகுடாவில் வசந்த காலத்தில் இதைக் கரையிலிருந்தே பார்க்க முடிகிற நாட்களும் உண்டு. ஆனால் தகடுகளை ஒழுங்காக வரைவது சிரமம். முதல் படத்துக்கு வாயை மூடியே வையுங்கள்.

நான்காவது: தலையின் வரைபடம்

இங்கே அவசரப்பட வேண்டாம். மொத்த வேலையின் உயிரே இந்தப் படியில்தான்.

ரைட் திமிங்கிலத்தின் தலையில் சொரசொரப்பான தோல் தடிப்புகள் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், மனிதர்களுக்கு முகத்தில் முடி வளரும் இடங்களில்தான் அவையும் இருக்கின்றன: மேல் தாடையின் நுனி, கண்ணுக்கு மேலே, மோவாய், கீழ் உதட்டோரம். மூச்சுத் துளைகளுக்குப் பக்கத்திலும் சில உண்டு. எந்த இரண்டு திமிங்கிலத்துக்கும் இந்த அமைப்பு ஒன்றாக இருக்காது. ஆய்வாளர்கள் வானிலிருந்து எடுத்த படத்தை வைத்து ‘இது இன்னார்’ என்று சொல்வதற்கு முக்கியமான அடையாளம் இதுதான்.

தடிப்பின் சொந்த நிறம் வெள்ளை அல்ல, சாம்பல். அதன்மேல் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் திமிங்கிலப் பேன்களால்தான் அது வெளுப்பாகத் தெரிகிறது. பேன் என்கிறோமே தவிர அவை பூச்சிகள் அல்ல, நண்டு, இறால் வகையறாவைச் சேர்ந்த சிறு உயிரிகள். இதைத் தெரிந்துகொண்டால் வரையும் முறையே மாறும். தடிப்பைச் சுத்தமான வெள்ளைத் திட்டாக வரையக் கூடாது. ஓரம் பிசிறடிக்க வேண்டும், உள்ளே சாம்பல் பள்ளங்கள் தெரிய வேண்டும், சில இடங்களில் கறுப்புத் தோல் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு தாளில் மேலிருந்து பார்க்கும் தலையின் வெளிக்கோட்டை மட்டும் பெரிதாக வரையுங்கள். நடுவில் மேல் தாடையின் குறுகிய பட்டை, இருபுறமும் உதடுகளின் வளைவு, பின்னால் இரண்டு மூச்சுத் துளைகள். இப்போது தடிப்புகளைக் குறியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, மூக்கு நுனியில் உள்ள பெரிய தடிப்பு பின்னோக்கி மூச்சுத் துளைவரை தொடர்கிறதா, நடுவில் அறுபடுகிறதா என்பதை. ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள், தொடர்ச்சியானது, உடைந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அப்புறம் நடுவில் தீவு மாதிரி தனித்து நிற்கும் திட்டுகளை எண்ணுங்கள். அவை இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை? உதட்டோரத்தில் தடிப்பு இருக்கிறதா, எந்தப் பக்கம்?

கண்ணால் பார்த்ததை அப்படியே கைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. தெரியாமலே நாம் இரு பக்கத்தையும் சமமாக்கிவிடுவோம். மனித முகத்தை வரைந்து பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். புகைப்படத்தைத் தலைகீழாக வைத்து ஒருமுறை வரைந்து பாருங்கள், ‘முகம்’ என்ற எண்ணம் மறைந்து வடிவம் மட்டும் தெரியும். வரைந்து முடித்ததும் பட்டியலில் உள்ள வேறு இரண்டு திமிங்கிலங்களின் படத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் படம் அவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

குட்டியை வரைய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிறந்த குட்டிக்குத் தடிப்புகள் இன்னும் உருவாகியிருக்காது. முழு அமைப்பு தெளிவாக வர மாதங்கள் ஆகும். குளிர்காலத்தில் ஃப்ளோரிடா, ஜார்ஜியா கடலோரத்தில் தாயோடு நீந்தும் குட்டிக்குத் தாயைப் போலவே வெள்ளைத் திட்டுகளைப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பு.

ஐந்தாவது: தழும்பு, உடல்நிலை, நிறம்

இந்த இனத்தைக் கொல்வது முக்கியமாக இரண்டு: கப்பல் மோதலும் மீன்பிடிக் கயிறும். 2017-இல் மட்டும் கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 17 திமிங்கிலங்கள் இறந்தது தெரிய வந்தது. நூறில் எண்பதுக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் ஒருமுறையாவது கயிற்றில் சிக்கியவை. ஆக, நீங்கள் தேர்ந்தெடுத்த திமிங்கிலத்தின் உடலில் தழும்பு இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கயிற்றுத் தழும்பு பெரும்பாலும் வால் அடியைச் சுற்றி, வாயோரத்தில், துடுப்பு உடலோடு சேரும் இடத்தில் வெள்ளையாகத் தெரியும். கப்பலின் சுழல்விசிறி வெட்டினால் முதுகில் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரிசையாகக் கோடுகள் விழும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தழும்பை ‘அழகுக்காக’ விட்டுவிடவும் வேண்டாம், ‘உருக்கத்துக்காக’ கூட்டவும் வேண்டாம். இருப்பதை இருக்கும் இடத்தில் வரைந்தால் போதும்.

உடல்நிலையைக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. மூச்சுத் துளைகளுக்குப் பின்னால் பக்கவாட்டுக் கோட்டைக் கவனியுங்கள். நன்றாகச் சாப்பிட்ட திமிங்கிலத்துக்கு அங்கே கொழுப்பு புடைத்து நிற்கும். மெலிந்ததற்கு அந்த இடம் உள்ளே குழிந்திருக்கும். ஒரே கோட்டின் வளைவுதான், ஆனால் விஷயம் தெரிந்தவர் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.

நிறத்திலும் அப்படி ஒன்று உண்டு. தடிப்பின் மேல் வெள்ளைப் பேன் இருப்பது இயல்பு. காயம்பட்ட, மெதுவாக நகரும் திமிங்கிலத்தின் வழவழப்பான தோலில் ஆரஞ்சு நிறப் பேன்கள் பரவத் தொடங்கும். ஸ்னோ கோன் என்ற பெண் திமிங்கிலம் கயிற்றை இழுத்துக்கொண்டே 2021 டிசம்பரில் குட்டியோடு காணப்பட்டது. 2022 செப்டம்பரில் கடைசியாகப் பார்த்தபோது அதன் உடலில் இந்த ஆரஞ்சுத் திட்டுகள் இருந்தன. எனவே படத்துக்கு ‘கொஞ்சம் சூடான நிறம்’ வேண்டும் என்று வளர்ந்த திமிங்கிலத்தின் உடலில் ஆரஞ்சைத் தெளிக்காதீர்கள். அது நோயின் நிறம்.

கண்ணீர் விடும் திமிங்கிலம், முதுகில் பாய்ந்த ஈட்டி, வாய் நிறைய பிளாஸ்டிக் பை. இந்த மூன்றையும் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. இந்த இனத்தை வேட்டையாடுவதற்கு 1930-களிலேயே தடை வந்துவிட்டது. பிளாஸ்டிக் பை இதன் முதன்மைச் சிக்கலும் அல்ல. கைவிடப்பட்ட வலையும் கயிறும் வைத்துச் சிற்பம் செய்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: இவற்றை மாட்டிவைப்பது பெரும்பாலும் குப்பைக் கயிறு அல்ல, லாப்ஸ்டர், நண்டுக் கூண்டுகளை மிதவையோடு இணைக்கும், இப்போதும் பயன்பாட்டில் உள்ள கயிறு. அந்தக் கயிறு நீரில் செங்குத்தாக நிற்கும். படத்தில் கயிறு வந்தால் அப்படியே வரட்டும்.

ஆறாவது: லினோ அச்சு

கறுப்பு உடல், வெள்ளைத் திட்டு. இந்தத் திமிங்கிலம் லினோ அச்சுக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகும், விட்ட இடம் கறுப்பாகும்.

முதலில் அளவு. 15 மீட்டர் உடலை 30 சென்டிமீட்டரில் அடக்கினால் தலை ஏழெட்டு சென்டிமீட்டர்தான் வரும், தடிப்புகள் புள்ளிகளாகிவிடும், யார் என்றே தெரியாது. அதனால் மேலிருந்து பார்க்கும் தலையை மட்டும், குறைந்தது 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுங்கள். மிருதுவான ரப்பர் போன்ற பிளாக் புதியவர்களுக்கு எளிது. வழக்கமான லினோ என்றால் லேசாகச் சூடாக்கிக்கொண்டால் கத்தி சுலபமாக ஓடும்.

அச்சில் படம் இடம்வலமாகத் திரும்பும். சாதாரணப் படத்தில் இது பெரிய விஷயமில்லை. இங்கே இடப்பக்கத் தடிப்பு வலப்பக்கம் போனால் அது வேறொரு திமிங்கிலமாகிவிடும், உலகத்திலேயே இல்லாத திமிங்கிலம். வழி எளிது. ட்ரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் படத்தை எடுத்து, பென்சில் பக்கம் கீழே இருக்கும்படி பிளாக்கின் மேல் வைத்துப் பின்பக்கம் தேய்த்துவிடுங்கள். பிளாக்கில் இடம்வலமாகத் திரும்பிப் பதியும், அச்சில் சரியாக வரும்.

வெட்டும்போது கத்தி எப்போதும் உடலை விட்டு விலகும் திசையில் போக வேண்டும். மற்றக் கை கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் ஒருபோதும் வேண்டாம். தடிப்புகளுக்குச் சிறிய ‘வி’ முனைக் கத்தியைப் பயன்படுத்துங்கள். திட்டை ஒரேயடியாகச் சுரண்டி எடுக்காமல், குட்டிக் குட்டிக் கொத்தல்களாக எடுத்தால் அந்தச் சொரசொரப்பு தானாக வரும். குறைவாக வெட்டி ஓர் அச்சு எடுத்துப் பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

அடுத்த சிக்கல் தண்ணீர். கறுப்புத் திமிங்கிலம், கறுப்புக் கடல் என்றால் இரண்டும் கலந்துவிடும். தலையைச் சுற்றி ஒட்டினாற்போல் தண்ணீரைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, தள்ளிப் போகப்போக மெல்லிய கோடுகளாக விடுங்கள். கத்தி தவறி விட்ட சிறு கீற்றுகளும் அங்கே அலையாகவே தெரியும்.

மையைக் கண்ணாடி மேல் பரப்பி ரோலரை ஓட்டும்போது மெல்லிய சரசரப்பு கேட்க வேண்டும். சளசளவென்று கேட்டால் மை அதிகம், உங்கள் நுண்ணிய கொத்தல்கள் எல்லாம் அடைபட்டுப் போகும். மெல்லிய தாளை வைத்து, அச்சு இயந்திரம் இல்லாவிட்டால் கரண்டியின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்ட வட்டமாக அழுத்தித் தேயுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடம் இருந்தால் மறுபடி தேய்க்கலாம். ஆரஞ்சு போன்ற நிறம் கையால் தீட்டுவதாக இருந்தால் எண்ணெய் மையில் அச்செடுத்து நன்றாகக் காயவிடுங்கள். நீர் மையில் எடுத்த அச்சின் மேல் வாட்டர்கலர் வைத்தால் கறுப்பு கலங்கிவிடும்.

கடைசியாக: படத்தின் கீழே எழுதுவது

அச்சின் கீழே பென்சிலால் திமிங்கிலத்தின் எண், பெயர், பிறந்த ஆண்டு தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எந்தப் படங்களைப் பார்த்து வரைந்தீர்கள் என்று பின்பக்கம் குறித்து வைப்பதும் நல்லது. பகிரும்போது எண்ணிக்கை, உடல்நிலை பற்றி ஏதாவது எழுதினால் அன்றைய நிலவரத்தைப் பார்த்து எழுதுங்கள். மதிப்பீடு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது.

குழுவாகச் செய்ய விரும்பினால், ஆளுக்குச் சில திமிங்கிலங்கள் என்று பிரித்துக்கொண்டு அஞ்சலட்டை அளவில் அச்செடுத்து ஒரே சுவரில் மாட்டலாம். வேறு இனங்களில் இதை யோசிக்கவே முடியாது, இங்கே மொத்த இனமும் ஒரு சுவரில் அடங்கும். ஒரே திமிங்கிலத்தை இருவர் எடுத்துவிடாமல் எண்களை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் ‘வருமானத்தில் ஒரு பகுதி திமிங்கிலங்களுக்கு’ என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். எந்த அமைப்புக்கு, எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள், அமைப்பின் பெயரைப் போடுமுன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். சட்டகத்துக்கு அழகு சேர்க்கிறேன் என்று நிஜத் திமிங்கில எலும்போ பலீன் துண்டோ வாங்கிவிட வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அமெரிக்காவில் அந்த வியாபாரத்துக்குக் கடும் தடை இருக்கிறது. எல்லை தாண்டி அனுப்பினால் இன்னும் சிக்கல்.